கலையையும் வளர்ப்போம், கணக்கையும் காப்போம்
(ஆலயத் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற நாளில், கோயில் திருவிழாவில்தான் நாதஸ்வர இசையை நான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த இசைக்குப் பின்னால் ஒரு செலவுக் கணக்கும் உண்டு என்பதை, அரசுப் பணியில் சேர்ந்த பின்னரே உணர்ந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலை மன்றத்தில் பொருளாளராக இருந்தேன். ஆண்டு விழாவன்று அரங்கம் நிறைந்தது, கைதட்டல் ஓயவில்லை. மறுவாரம் மண்டப வாடகை, ஒலி ஒளி அமைப்பு, பக்கவாத்தியம் என்று பில்கள் வந்து குவிந்தன. நுழைவுச்சீட்டு வருமானம் பாதிச் செலவுக்குக்கூடப் போதவில்லை. நடன ஆசிரியையின் மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. அவர் கோபிக்கவில்லை, அமைதியாக விலகிக்கொண்டார். வகுப்பும் மூடப்பட்டது. முன்கூட்டியே வரவு செலவுத் திட்டம் வரையாத குற்றம் என்னுடையதே.

1966ஆம் ஆண்டில் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் இச்சிக்கலை ஆராய்ந்து நூல் வெளியிட்டனர். இயந்திரம் வந்தால் தொழிற்சாலையில் ஒருவரே பலரின் வேலையைச் செய்யலாம். ஒரு மணி நேரக் கச்சேரிக்கோ அன்றும் இன்றும் அதே கலைஞர்களும் அதே ஒரு மணி நேரமும் வேண்டும். ஊதியம் மட்டும் பிற தொழில்களைப் போலவே உயர்கிறது. ஆகவே, நுழைவுச்சீட்டை மட்டும் நம்பிக் கலை வாழாது.

1981ஆம் ஆண்டில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்கள் கோலாலம்பூரில் நிறுவிய டெம்பிள் ஆப் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பு, இசை, நடன வகுப்புகளோடு அன்னலட்சுமி உணவகத்தையும் நடத்தி வந்தது. உண்டவர் மனமுவந்து தருவதை ஏற்பதும், தொண்டர்களின் உழைப்பும் அதன் அடிப்படை. கலைக்கு வேறு ஊற்றும் வேண்டும் என்பதற்கு அது சான்று.

நமக்கு அந்த வழி புதிதன்று. திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உபயக்காரர் இருக்கிறார், ரசீது இருக்கிறது, செலவின் நோக்கமும் தெளிவாக இருக்கிறது. அதே முறையில், நம் ஆலயக் கலை வகுப்புக்கும் மாதந்தோறும் "கலை உபயம்" ஏற்படுத்துவோம். அதற்குத் தனிக் கணக்கு வைப்போம். ஆசிரியர் சம்பளமே முதல் செலவாகட்டும். மேடை அலங்காரம் பிறகு வரட்டும். ஆறு மாதச் செலவைச் சேமநிதியாக வைப்போம்.

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் கணக்கறிக்கை அனுப்ப வேண்டும். சங்கங்களுக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிட்டுவது, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு வழங்கினால் மட்டுமே. அந்த அங்கீகாரம் பெறாமல் எவருக்கும் வாக்குறுதி தரலாகாது.

இன்று நம் பிள்ளைகள் இம்மேடையில் ஆடினார்கள். அடுத்த ஆண்டும் அவர்களுக்கு ஆசிரியர் இருப்பாரா என்பதை நம் கணக்கேடுதான் முடிவு செய்யும். இறையருள் துணை நிற்க, இன்றே தொடங்குவோம்.