கொல்லேறு: ஏரிக்குள் எழுந்த கரைகள்



சென்னையின் மீன் அங்காடிகளில் கட்லாவும் ரோகுவும் வாங்குகிறோம். அவற்றில் பெரும்பாலானவை ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த வளர்ப்பு மீன்கள். அந்த வளர்ப்பினால் அங்கே கொல்லேறு என்ற ஏரி பட்டிருக்கும் பாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கோதாவரி டெல்டாவுக்கும் கிருஷ்ணா டெல்டாவுக்கும் நடுவில் தாழ்ந்து கிடக்கும் நன்னீர் ஏரி கொல்லேறு. புடமேறு, தம்மிலேறு போன்ற ஆறுகள் அதில் வந்து சேர்கின்றன. கடலுக்குப் போக உப்புட்டேறு ஒன்றுதான் வழி. அதனால் மழைக்காலத்தில் ஏரி நாலாபக்கமும் விரிந்து வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். பிறகு மெல்ல வடியும். சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் காப்பு.

1970களில் ஏரி நிலத்தில் மீன் குளம் வெட்ட, கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசே இடம் ஒதுக்கியது. ஏழை மீனவர் பிழைக்கட்டும் என்ற எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குளம் வெட்டவும் தீவனம் போடவும் முதல் வேண்டுமே! பணம் படைத்தவர்கள் குத்தகைக்கு உள்ளே வந்தார்கள். கரைக்கு மேல் கரை எழுந்தது. வெள்ளம் பரவ வேண்டிய இடம் கட்டம் கட்டமாக அடைபட்டது. 2024 செப்டம்பரில் புடமேறு கரை உடைந்து விஜயவாடாவின் பல பகுதிகள் மூழ்கின. அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் அந்த ஆற்று நீர் போய்ச் சேரவேண்டிய இடம் கொல்லேறுதான்.

குளத்துக்குள் நடப்பதையும் பார்ப்போம். ஊன்றிய மூங்கில்களில் ஓட்டை போட்ட சாக்குப் பைகள் வரிசையாகத் தொங்கும். உள்ளே எண்ணெய் எடுத்த தவிடும் புண்ணாக்கும் இருக்கும். மீன்கள் பையை முட்டி முட்டித் தின்னும். மிச்சமும் மீன் கழிவும் அடியில் தங்கி மக்கும். நீரில் பச்சைப்பாசி பிடிக்கக் கோழி எருவும் உரமும் வேறு போடுகிறார்கள். பகலில் ஆக்சிஜன் தரும் அந்தப் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிப்பது அதனால்தான். குளத்துக்காரர் மோட்டார் போட்டுத் தன் மீனைக் காப்பாற்றிவிடுவார். மீன் பிடித்து முடிந்ததும் இறைத்துவிடும் அந்தச் சத்தேறிய தண்ணீரை ஏரிதான் வாங்கிக்கொள்கிறது. ஆகாயத்தாமரை அதைத் தின்று கொழுத்து மேற்பரப்பை மூடுகிறது. வெயில் உள்ளே இறங்காத அந்த நீரில் நாட்டு மீன் எப்படிப் பெருகும்? ஏரிக்கு நடுவே மேடுகளில் வாழும் மக்கள் குடிதண்ணீரை வெளியிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

1999இல் கொல்லேறு சரணாலயமானது. 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வேடந்தாங்கலில் நாம் பார்க்கும் கூழைக்கடா அங்கேயும் கூடு கட்டுகிறது. 2006இல் நீதிமன்றத் தலையீட்டால் மீன் குளக் கரைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில ஆண்டுகளில் பல இடங்களில் கரைகள் மறுபடி முளைத்தன.

சரணாலய எல்லையைக் கடல்மட்டத்துக்கு மேல் ஐந்தடி மட்டத்திலிருந்து மூன்றடி மட்டத்துக்குக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை வெகுநாளாக இருக்கிறது. கேட்பதற்கு இரண்டடிதான். ஆனால் அது தட்டையான பூமி; இரண்டடி இறங்கினால் மழைக்கால ஏரியின் பெரும்பகுதி எல்லைக்கு வெளியே போய்விடும். மீன் வளர்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏரிக்கு வெளியே, சொந்த நிலத்தில் குளம் வெட்டலாம். கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்து நெல்வயலுக்குப் பாய்ச்சினால், அந்தச் சத்து பயிருக்குப் போகும். செலவு கூடும், மீன் விலையில் கொஞ்சம் ஏறும். அதை வாங்கித் தின்னும் நாம் கொடுப்பதுதான் நியாயம்.