கள்ளன் வராமலே அடித்த மணி

விடியுமுன் வேலைக்கு எழவேண்டியவர்கள் ஆட்டுக் கொட்டகைக்கு இரவெல்லாம் காவல் இருக்க முடியுமா? அதனால்தான் செபராங் பிறைத் தோட்டமொன்றில், நாங்கள் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் அபாய மணி செய்தோம். படகேறி ஜார்ஜ் டவுன் போய், சில வெள்ளிக்குச் சாமான் வாங்கி வந்தோம். கொட்டகைக் கதவு திறந்தால் இரண்டு தகடுகள் தொட்டுக்கொள்ளும். வீட்டில் மணி அடிக்கும்.

மணி அடித்தது. கதவு திறக்காமலே அடித்தது. பக்கத்து வீட்டில் குழல்விளக்கைப் போட்டால் அடித்தது. குளிர்பெட்டி ஓடத் தொடங்கினால் அடித்தது. மூன்றாம் இரவு மழையில் லயமே விழித்துக்கொண்டது. “வாத்தியாரையா, உங்க மணிக்குத் தூக்கமே வராதா?” என்று கேட்டு, வீட்டுக்காரர் பாட்டரியைக் கழற்றிவிட்டார். அந்த வாரமே இரண்டு ஆடுகள் களவு போயின.

தவறு எங்களுடையது. மணிக்குள் இருந்தது 555 என்ற ஐ.சி. 1972-இல் அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. (அதே ஆண்டில்தான் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கான தடையற்ற வாணிப வட்டாரமும் தொடங்கியது.) அதன் 2-ஆம் காலில் அழுத்தம் பாட்டரியின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் மணி கிளம்பும். 9 வோல்ட் பாட்டரிக்கு அது 3 வோல்ட். வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் இறங்கினாலே போதும்.

அந்தக் காலிலிருந்து கொட்டகை வரை 20 மீட்டர் கம்பி. பாட்டரி தீராதிருக்கட்டும் என்று அதைப் பாட்டரியோடு இணைக்க 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தோம். நீளக் கயிற்றில் கட்டிய ஆடு கண்ட இடமெல்லாம் மேயும் அல்லவா? அதுபோல் அந்தக் கம்பி வானொலியின் ஏரியல் மாதிரி எல்லாப் பொறியையும் பிடித்துக்கொண்டது. வீட்டு மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கட்டியது இன்னொரு பிழை.

1895-இல் ரஷ்யாவில் போப்போவ் என்பவர், தொலைவில் மின்னல் அடித்தால் ஒலிக்கும் மணி ஒன்றை வேண்டுமென்றே செய்து காட்டினார். நாங்கள் வேண்டாமலே செய்துவிட்டோம்!

மாற்றியது இவ்வளவுதான். 10 லட்சத்துக்குப் பதில் 10,000 ஓம். கதவு மூடியிருக்கும்போது தகடுகள் தொடுவதில்லை. ஆகவே அந்த ரெசிஸ்டர் வழியே மின்சாரம் வீணாவதில்லை. எங்கள் சிக்கனம் வீண் சிக்கனம். கம்பி ஐ.சி.க்குள் நுழையுமுன் இன்னொரு 10,000 ஓம். அதன்பின் 2-ஆம் காலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 1 மைக்ரோபாரட் கண்டென்சர். இனி அழுத்தம் 3 வோல்ட்டுக்கு இறங்க வினாடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். பொறி அதற்குள் அடங்கிவிடும். கதவைத் திறக்கிற கை அத்தனை விரைவாக மூடாது.

போகும் கம்பியையும் வரும் கம்பியையும் பின்னல்போல் முறுக்கி, மின்சாரக் கம்பிக்கு எட்டக் கொண்டுபோனோம். சும்மா விட்டிருந்த 4-ஆம் காலைப் பாட்டரியின் நேர்முனையில் சேர்த்தோம். 5-ஆம் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே 0.01 மைக்ரோபாரட். பாட்டரி முனைகளுக்குக் குறுக்கே, ஐ.சி.யை ஒட்டி, 100 மைக்ரோபாரட். மணியை இயக்கும் ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு. அதன் கோடுள்ள முனை நேர்முனைப் பக்கம் இருக்கவேண்டும்.

சோதிக்க ஒரு சிறு வானொலி போதும். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, மணிக்கருகே வையுங்கள். வானொலி கரகரக்கும்போதெல்லாம் மணியும் அடித்தால், கள்ளன் வெளியே இல்லை, கம்பியில்தான். ஒன்று மட்டும்: இடி தலைக்கு மேல் வந்தால் கம்பியைத் தொடாதீர்கள். நேரே விழும் மின்னலை இந்த ஏற்பாடு தாங்காது.

பிறகொரு விடியற்காலை மலாக்கா நீரிணையைக் கடந்து சுமத்திராக் காற்று வந்தது. வானொலி ஓயாமல் கரகரத்தது. மணி வாய் திறக்கவில்லை. மழை விட்டபின் அடித்தது. வீட்டுக்காரர் விளக்கோடு ஓடினார். கிடாய் ஒன்று கதவை முட்டித் திறந்துகொண்டு வெளியே நின்றது. இம்முறை அவர் பாட்டரியைக் கழற்றவில்லை, தாழ்ப்பாளை மாற்றினார்.