சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது
(அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களைப் பற்றி நிகழ்த்திய உரை)



பிழைப்புக்காகச் சவூதி அரேபியா சென்றுள்ள நம் சகோதரிகளைப் பற்றி இன்று பேசுகிறோம்.

அந்த நாடு என்றதும் கறுப்பு அபாயாதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நெடுங்காலம் அயல்நாட்டுப் பெண்களும் அதை அணியாமல் வெளியே போக முடியாது. பெண் கார் ஓட்டக்கூடாது. சாப்பாட்டுக் கடையிலும் தனி வாசல். இவற்றில் பல மாறியுள்ளன. 2016ல் மதப் போலீசின் கைது செய்யும் அதிகாரம் பறிக்கப்பட்டது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். அந்த உரிமைக்காகப் போராடிய பெண்களில் பலர் அதற்கு முந்தைய மாதமே சிறையில் அடைக்கப்பட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2019ல் தனி வாசல் விதியும் நீங்கியது.

மாற்றங்கள் நல்லவைதான். ஆனால் தெருவாசலைத் தாண்டவே எஜமானியின் உத்தரவு வேண்டும் என்றிருக்கும் பெண்ணுக்கு அவற்றால் என்ன பயன்?

நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஷிப்டு உண்டு, சக ஊழியர் உண்டு, தொழிலாளர் சட்டம் உண்டு. 'கத்தாமா' என்று அழைக்கப்படும் வீட்டு வேலைக்காரிக்கோ வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒன்றே. மில்லில் சங்கு ஊதினால் நம் ஷிப்டு முடிந்தது. அவளுக்குச் சங்கு ஊத யார் இருக்கிறார்கள்? விருந்தாளி நள்ளிரவில் வந்தாலும் அவள்தான் எழ வேண்டும். குழந்தை விடியற்காலையில் அழுதாலும் அவள்தான் எழ வேண்டும்.

அந்நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்காரர்களை ஒதுக்கி வைத்தது. 2013ல் அவர்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. தினம் 9 மணி நேர ஓய்வு என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மீதி 15 மணி நேரம்! 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த புது விதிகள் வேலை நேரத்தை 10 மணி என்று வரையறுத்தன; வாரம் ஒரு நாள் ஓய்வும் தந்தன; பாஸ்போர்ட்டை எஜமானர் பிடித்து வைப்பதையும் தடுத்தன. வரவேற்கிறோம். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் அந்த 10 மணியை யார் எண்ணுவது?

இதற்கு வேர் 'கஃபாலா' முறை. வேலைக்கு அழைத்த 'கஃபீல்' கையில்தான் அவளுடைய குடியிருப்பு அனுமதி. அடி பொறுக்காமல் வெளியேறினால் 'ஓடிவிட்டாள்' என்று புகார் கொடுப்பான். அதனால் அவள் சட்ட விரோதி ஆகிவிடக் கூடும்! பண்ணையாளை ஒரே மிராசுதாரோடு கட்டிப்போட்ட பழைய முறை நமக்குத் தெரியாததா? 2021 மார்ச்சில் இந்தக் கட்டு தளர்த்தப்பட்டபோதும் வீட்டு வேலைக்காரர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்போர் விலக்கப்பட்டார்கள். ஏழையிலும் ஏழைக்குத்தான் கடைசி இடம்.

சங்கம் வைக்கலாமே என்பீர்கள். 1953ல் அந்நாட்டு எண்ணெய்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தார்கள், 1956லும் போராடினார்கள். மன்னரின் பதில் வேலை நிறுத்தத் தடைச் சட்டம். அரேபியத் தொழிலாளிக்கே மறுக்கப்பட்ட உரிமை நம் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்?

இலங்கை மூதூரின் ரிசானா நஃபீக்கை நினைத்துப் பாருங்கள். ஏழை விறகுவெட்டியின் மகள். 2005ல் 17 வயதில், வயதை ஏற்றிக் காட்டிய பாஸ்போர்ட்டோடு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் அந்த வீட்டுக் கைக்குழந்தை இறந்தது. பால் புகட்டும்போது மூச்சடைத்தது என்றார் ரிசானா. கொலை என்றது குடும்பம். முறையான மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பெற்ற வாக்குமூலத்தைப் பின்னர் மறுத்தார். 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. ரிசானா முஸ்லிம், அந்த வீடும் முஸ்லிம் வீடு. ஒரே மதம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆகவே இதை மதச் சண்டையாக்க வருகிறவர்களை நம்பாதீர்கள். இது எஜமானனுக்கும் கூலிக்கும் உள்ள வழக்கு.

நாம் செய்ய வேண்டியது என்ன? வீட்டு வேலைக்கு அங்கே போகிற பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இந்திய சர்க்காரின் விதி. சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்னும் ஏஜெண்டைத் தெருவிலேயே மறியுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லச் செய்யுங்கள். பாஸ்போர்ட் நகலும் தூதரகத் தொலைபேசி எண்ணும் வீட்டில் இருக்கட்டும்.

வீட்டு வேலையும் தொழில்தான் என்று 2011ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. சவூதி அதை ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை! நம் ஊரில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குத் தராத உரிமையை ரியாதில் எந்த முகத்தோடு கேட்பது? உடன்படிக்கையை ஏற்கும்படி நம் சர்க்காரை வற்புறுத்துவோம். ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போடட்டும்!