சிங்களம் படிக்காத இலங்கை ஆய்வு

நம் பல்கலைக்கழகங்கள் இலங்கையை எப்படிப் படிக்கின்றன என்பதே இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். திருவனந்தபுரத்திலிருந்து வான்வழியில் கொழும்பு ஏறத்தாழ 365 கிலோமீட்டர். சென்னை 620 கிலோமீட்டருக்கு மேல். நாராயண குரு 1918-இலும் 1926-இலும் இலங்கை சென்றார். பிழைப்புக்காகக் கொழும்பு சென்ற மலையாளிகள் 1930-களில் அங்கே கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கவே கொல்லம் மாவட்டத்துப் புனலூரில் 1976-இல் அரசின் மறுவாழ்வுத் தோட்டக் கழகம் உருவானது. இன்றும் குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் குடும்பங்களில் தமிழே வீட்டுமொழி. இவ்வளவு நெருங்கிய நாட்டை நாம் பாதிதான் வாசிக்கிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 1963-இல் பிரதேச ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. காசியில் நேபாளம், ராஜஸ்தானில் தெற்காசியா எனப் பொறுப்புகள் பிரிந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் இலங்கையைத் தன் முதன்மைப் பொருள்களில் ஒன்றாகக் கொண்டது. அதன் நிறுவன இயக்குநர் வி. சூரியநாராயண் மலையகத் தமிழரைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் எழுதியவற்றைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் யாரும் மேலே போக முடியாது. ஆனால் இத்தகைய மையங்களின் வலு வெளியுறவுக் கொள்கையிலும் பாதுகாப்பிலும் இருந்தது. மொழிப் பயிற்சியில் இல்லை. ஒப்பந்தங்களையும் தேர்தல் முடிவுகளையும் ஆங்கிலத்தில் படித்துவிடலாம், மற்றதைத் தமிழ் வழியே தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம்.

மூணாறையும் நுவரெலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் மலை, இரண்டும் தேயிலை, இரண்டிலும் லயத்து வீடுகளில் தமிழ்த் தொழிலாளர். கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் 1970-இல் நடைமுறைக்கு வந்தபோது தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. இலங்கையோ 1972-இல் 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975-இல் கம்பெனித் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டது. அங்கே தொழிலாளரில் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்தவர்கள். நிலம் கைமாறியபோது பல தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். மூணாறில் 2015-இல் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமையாகத் திரண்டு சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுப் போராடினார்கள். மலையகத்தில் நாள் கூலி 1000 ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் படிக்க இதைவிடப் பொருத்தமான இரட்டை எங்கே கிடைக்கும்? ஆனால் மூணாறை ஆராயும் மாணவர் மலையாளமும் படிப்பார். சட்டமன்ற விவாதம், நாளிதழ், குடியேறிய மலையாளி விவசாயியின் முறையீடு ஆகியவற்றைப் பார்க்காமல் அந்த ஆய்வு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மாணவர் நுவரெலியாவுக்குப் போகும்போது மட்டும் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று எப்படிச் சொல்கிறோம்? தேயிலைக்கு முன் காப்பி வந்தபோது தங்கள் நிலம் பறிபோனது என்று கண்டிச் சிங்களக் குடியானவர்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் நினைவு 1972-க்குப் பின்னால் நிற்கிறது. அந்த நினைவு நியாயமான விளைவைத் தந்தது என்று நான் சொல்லவில்லை. அதை அவர்கள் மொழியில் கேட்காதவருக்கு, கோபம் ஏன் கம்பெனி முதலாளியை விட்டுவிட்டுக் கூலிக்காரர்மேல் இறங்கியது என்பது கடைசிவரை விளங்காது.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது ஒன்று. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 வந்தது, முள்ளிவாய்க்கால் வந்தது. அந்த மொழியைத் தமிழர் போய்ப் படிப்பதா என்ற கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அது வலியிலிருந்து வருகிறது. ஆனால் படிப்பது பணிவது ஆகாது. 1956-ஐக் கொண்டுவந்த மேடைப் பேச்சுகளும் துண்டறிக்கைகளும் பத்திரிகைத் தலையங்கங்களும் சிங்களத்தில் இருக்கின்றன. அநீதிக்குச் சான்று தேடுகிறவருக்கே அந்த மொழி முதலில் வேண்டும். அதை எதிர்த்து எழுதிய சிங்களரின் குரலும் அங்கேதான் கிடக்கிறது. ஆங்கிலமே போதும் என்பாருக்கு 2022 பதில் சொல்கிறது. கொழும்பு காலிமுகத் திடலில் மக்கள் கூடியபோது ‘அரகலய’ என்ற சொல்லை உலகமே கடன் வாங்கியது. போராட்டம் என்ற பொருளைத் தாண்டி, 2021-இன் இரசாயன உரத் தடையால் விளைச்சல் இழந்த சிங்கள விவசாயி என்ன பேசினார் என்பது அந்தக் கடனோடு வந்து சேரவில்லை.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியும் எழும். அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1940-களில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வுக்கு இடம் அமைந்தபோது, மலையாளத் தலைநகரில் அதற்கு என்ன சந்தை இருந்தது? வையாபுரிப் பிள்ளை இங்கே வந்து பணியாற்றினார், வ.அய். சுப்பிரமணியம் 1963-இல் மொழியியல் துறையையே எழுப்பினார். அந்த மரபு இருக்கும் ஊருக்குச் சிங்களம் பெரும் சுமையாகாது. கிரந்தத்தின் சாயல் படிந்த அதன் எழுத்து மலையாள எழுத்தறிந்த கண்ணுக்கு முற்றிலும் அந்நியம் அன்று. அக்காவை அக்கா என்றும் கடையைக் கடே என்றும் சொல்லும் மொழி அது. நான் கேட்கும் இலங்கை ஆய்வுப் படிப்பில் முதல் ஆண்டு முழுவதும் மொழிக்கு. பிறகே வரலாறும் பொருளியலும். முதல் களப்பணிக்குக் கடவுச்சீட்டுகூட வேண்டாம், குளத்துப்புழைக்குப் பேருந்து போகிறது. 1970-களில் இளைஞராகக் கப்பலேறி வந்தவர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், பக்கத்துக் கிராமத்தாரோடு எந்த மொழியில் பேசினார்கள், எந்தத் தாளில் கையெழுத்திட்டு வந்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. சிங்கள ஆசிரியர் பணியிடத்துக்கான அறிவிப்பு இந்தக் கல்வியாண்டிலேயே வெளிவர வேண்டும்.