ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு



மிச்சத்தில் டிராம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் விம்பிள்டன். இரண்டும் மேர்ட்டன் நகரசபைக்குள்தான். ஆனால் வீட்டு விலையைக் கேட்டால் இரண்டு நாடு என்றுதான் நினைப்பீர்கள். இந்த இடைவெளி எங்களுக்குப் பழகியது. இன்று நான் பேசப்போவது ஊரில் உள்ளதைப் பற்றி.

இலங்கையில் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கோ 53,333 ரூபாதான். மேலே உள்ள சிலரின் வருமானம் சராசரியை இழுத்து உயர்த்திவிடுகிறது. அதே கணக்கில் கொழும்பு மாவட்டத்தில் 100 பேரில் 2 பேரளவில் வறுமை. முல்லைத்தீவில் 44 பேருக்கு மேல். போர் முடிந்து 10 ஆண்டுக்குப் பிறகும் இந்த நிலை.

மாவட்டக் கணக்கில் தெரியாத இன்னொன்றும் உண்டு. அது நாங்கள் அனுப்பும் காசு. ஒரே ஒழுங்கையில் ஒரு வீடு லண்டன் காசில் மாடி கட்டுகிறது. பக்கத்து வீட்டில் அன்றாடக் கூலி. காசு வந்த இடத்தில் காணி விலை ஏறுகிறது, சீதனம் ஏறுகிறது. கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. நான் பெரியம்மாவுக்கு அனுப்புவதும் இதில் சேர்த்திதான். அதற்காக அனுப்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அவவுக்கு மருந்து வேண்டாமா?

கோயில் கோபுரத்துக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் சேர்க்கும்போது, வெளிநாட்டில் ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன போகிறது என்று கேளுங்கள். எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டேன். கணக்கு எழுதும் அண்ணை கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கென்று ஒரு பக்கம் இல்லை என்றார்.