மலைநாட்டு விருந்தும் உழைப்போர் உரிமையும்

(ஹட்டனில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர், மரக்கறிச் செய்கையாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே! விவசாயப் பெருமக்களே! ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்துறை நண்பர்களே! கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு இங்கு வந்திருக்கும் தாய்மார்களே!

இன்று நாம் உணவைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ரொட்டியும் சம்பலும் அரசியல் மேடைக்குரிய பொருளா என்று சிலர் நகைக்கலாம். உணவை விளைப்பவன் யார், சமைப்பவள் யார், அதனால் வரும் ஊதியம் எவர் கையில் சேர்கிறது என்ற கேள்விகளை விட்டுவிட்டு அரசியல் பேசுவதில் பயனில்லை என்பதே அவர்களுக்கு நம் விடை.

1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளையர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார் என்று சரித்திரம் படிக்கிறோம். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். காட்டை அழித்தவர்களும் மலையைக் குடைந்து பாதை போட்டவர்களும் அவர்களே. இன்று அந்தப் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, கண்டிக்கு அருகில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ’ நடைபாதையை அமைத்திருக்கிறார்கள். 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அப்பாதையில் அந்நிய நாட்டார் ஆர்வத்தோடு நடந்து செல்கின்றனர். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகிவிட்டது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பலவும் விடுதிகளாகிவிட்டன. 2024 ஆம் ஆண்டில் மாத்திரம் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் இலங்கைக்கு வந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் நம் மலைநாட்டைக் காணாமற் செல்வதில்லை.

வந்தவர்கள் எதைக் கண்டார்கள்? பச்சை மலையைக் கண்டார்கள். கொழுந்தெடுக்கும் நம் சகோதரியைப் படம் பிடித்தார்கள். பின்னர் பங்களாவுக்குச் சென்று விருந்துண்டார்கள். அந்தச் சகோதரியின் அடுப்பில் வெந்த உணவை அவர்கள் அறியமாட்டார்கள். அவர்கள் கொடுத்த காசில் ஒரு சதமேனும் அவள் முந்தானையில் முடிச்சாக விழவில்லை.

நம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லையா? தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து தட்டிச் சுட்ட தோட்டத்து ரொட்டிக்கும், அம்மியில் அரைத்த சம்பலுக்கும், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் வெறுந்தேத்தண்ணீருக்கும் ஈடான காலையுணவு மலைக் குளிரில் வேறு எது? கருவாட்டுக் குழம்பும், வல்லாரைச் சம்பலும், மரவள்ளிக் கிழங்கும், கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் நாம் ஆக்கும் பலகாரங்களும் நம் பாட்டிமார் கைப்பக்குவத்தில் வந்த செல்வங்கள். கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் விளையும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவை கொழும்புச் சந்தை வரை பெயர் பெற்றவை. ஆனால் அவற்றை விளைவித்தவன் படும் பாடு யாவரும் அறிந்ததே. மூட்டையைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டு போனால் விலையைச் சொல்பவன் வாங்குபவன், ஏற்றுக்கொள்பவன் விற்பவன். விளைச்சல் பெருகிய நாளில் லொறிக் கூலிக்கும் அந்த விலை போதாது.

ஆதலால் நாம் கூறும் யோசனை இது. ஒரு பிரதேசத்தில் மரக்கறி செய்பவர், பசு வளர்ப்பவர், சமையற் கைவண்ணமுள்ள தாய்மார், வழிகாட்டத் தெரிந்த இளைஞர் ஆகியோர் ஒரே கூட்டுறவுச் சங்கமாகச் சேர வேண்டும். மரக்கறியை முன்னரே பேசித் தீர்த்த விலைக்குச் சங்கத்தின் சமையற்கூடம் வாங்க வேண்டும். அங்கு சமைத்ததைச் சங்கமே விற்க வேண்டும். இலாபத்தைப் பங்கிடும் கணக்குப் புத்தகம் அங்கத்தவர் எவரும் பார்க்கக்கூடிய மேசையில் இருக்க வேண்டும்.

இது கனவன்று. வடக்கே ‘அம்மாச்சி’ உணவகங்களைப் பாருங்கள். வாங்குபவர் கண்முன்னேயே நம் சகோதரிகள் தோசையும் பிட்டும் சமைத்துக் குறைந்த விலைக்கு விற்கின்றனர். சமைத்தவள் கையிலேயே காசும் சேர்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் தெற்கே சிங்களச் சகோதரிகள் நடத்தும் ‘ஹெல போஜுன்’ நிலையங்களும் அவ்வாறே. மன்னார் வீதியிலும் மாத்தறை வீதியிலும் ஓடும் வண்டி மஸ்கெலியா வீதியில் மாத்திரம் ஏன் ஓடாது?

ஓடாததற்குக் காரணம் உண்டு. சட்டத்தொழில் செய்பவர் என்ற முறையில் அதைச் சொல்வது நம் கடமை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. இவ்வளவு கைமாறியும், லயத்துக் காம்பராவில் ஐந்து தலைமுறை வாழ்ந்தவன் கையில் ஒரு துண்டு உறுதிக் கடிதம் வரவில்லை. உறுதியில்லாதவனுக்கு வங்கி கடன் கொடுப்பதில்லை. வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்க அனுமதி கேட்பதும் அவனுக்குக் கடினம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. அத்தடை 2018 இல்தான் திருத்தப்பட்டது. 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தின் நிழல் எத்தனை ஆண்டுகள் நம் சமையலறை வரை நீண்டது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

ஆகவே வீடு கட்ட நிலம் கேட்கும்போது, தோட்டம் செய்யவும், மாட்டுக் கொட்டில் அமைக்கவும், தொழில் நடத்தவும் போதிய நிலத்தை உறுதியுடன் கேட்க வேண்டும். அதுவரை கைகட்டி இருக்கவும் வேண்டாம். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நமக்கும் உரியதே. நகரத்திலோ, நெடுஞ்சாலை ஓரத்திலோ, நல்லதண்ணியிலோ ஒரு கட்டிடத்தைத் தரும்படி பிரதேச சபைகளைக் கேட்போம். வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் அடுப்பு வைக்க இடம் கேட்பது பிச்சையாகாது.

‘லயத்து வறுமையைக் காட்சிப் பொருளாக்கிக் காசு பார்ப்பதா?’ என்று தோழர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினா. கூரை ஒழுகும் காம்பராவை அந்நியருக்குக் காட்டிக் கட்டணம் வாங்கும் முயற்சி எதுவாயினும் அதை நாம் எதிர்ப்போம். நாம் விற்பது நம் உணவை. நம் இல்லாமையை அன்று.

உல்லாசப் பிரயாணம் நிலையற்றது என்பது இன்னொரு தடை. அதுவும் உண்மை. 2019 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். 2020 இல் கொள்ளை நோய். 2022 இல் பொருளாதார வீழ்ச்சி. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும். ஒவ்வொரு முறையும் விடுதிகள் வெறிச்சோடின. இத்தாலி நாட்டில் 1985 இல் பண்ணை விருந்தோம்பலுக்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். விருந்தோம்பும் உரிமையை விவசாயிக்கே கொடுத்து, அது அவன் விவசாயத்துக்குத் துணைத் தொழிலாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த அறிவு நமக்கும் வேண்டும். நம் சங்கத்தின் முதல் வாடிக்கையாளர் அந்நியரல்லர். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர், ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரும் நம் நாட்டுக் குடும்பங்கள், பாடசாலைகள், பஸ் நிலையங்கள் என்று நம் சந்தை இங்கேயே இருக்கிறது. அந்நியர் வந்தால் அது மேலதிக வருவாய்.

இறுதியாக ஒன்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் இத்தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். அதைக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். 2016 ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில், தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற வளர்த்தியின்றி இருந்தனர். நாடு முழுவதற்கும் அத்தொகை 17. இந்த நிலையில் வீட்டுப் பாலையெல்லாம் விருந்தினர் கோப்பைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குச் சாயத்தண்ணீர் கொடுப்போமானால், அந்தச் சங்கம் இருப்பதை விட இல்லாதிருப்பதே மேல். அங்கத்தவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் மரக்கறியும் ஒதுக்கிய பின்னரே மிகுதி விற்பனைக்கு என்பது சங்கத்தின் முதல் விதியாக எழுதப்பட வேண்டும்.

பெரியோர்களே! விருந்தோம்பல் தமிழனின் பண்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். தனக்கென ஒரு வீடும் வயிறார உண்ட பிள்ளையும் உடையவனே மனமுவந்து விருந்தோம்ப முடியும். அந்நிலையை அடைவதற்கான சிறு படியே இச்சங்கம். விவசாயிகள் விளைச்சலோடு வாருங்கள். தாய்மார் கைப்பக்குவத்தோடு வாருங்கள். படித்தவர்கள் விதிகளை எழுதவும் கணக்கைப் பரிசோதிக்கவும் வாருங்கள். இன்று இக்கூட்டம் கலையும் முன்னரே அங்கத்தவர் பட்டியலைத் திறப்போம்.