உருளையில் தெரிவதும் உள்ளே நடப்பதும்

சூதாட்ட மெஷின் என்றதும் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: உள்ளே யாரோ ஏதோ திருகி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அது மெய்யாகவே நடந்தது. திருகியவர் மட்டும் எதிர்பாராத ஆள். மெஷின்களைச் சோதிக்கும் அரசு வாரியத்தில் கணினிப் பணியில் இருந்த ரான் ஹாரிஸ், தான் சோதிக்கப்போன மெஷின்களிலேயே தன் நிரலை ஏற்றிவிட்டு வந்தார். நாணயங்களைக் குறிப்பிட்ட வரிசையில் போட்டால் பரிசு கொட்டும். 1995இல் அட்லாண்டிக் சிட்டியில் கீனோ என்ற எண் சூதாட்டத்தில் விழுந்த 1,00,000 டாலரை வாங்கப்போன கூட்டாளி சிக்கினார். பின்னாலேயே ஹாரிஸும்.

அது திருட்டு. சட்டத்துக்கு எளிதில் புரியும். சட்டம் அனுமதித்து, ஆய்வகம் சான்றளித்து, எந்தத் திருகலும் இல்லாமல் ஓடும் மெஷின்தான் இந்தச் சொற்பொழிவின் பொருள்.

பழைய மெஷினில் சுழலும் உருளையே ஆட்டத்தை முடிவு செய்தது. உருளைக்கு 22 நிறுத்தங்கள், ஒவ்வொரு உருளையிலும் ஒரே ஒரு பெரும்பரிசுச் சின்னம் என்றால், மூன்று உருளைகளிலும் அது ஒரே வரியில் அமைய 10,648இல் ஒரு வாய்ப்பு. பெரிய பரிசு கொடுக்க இந்த வாய்ப்பு போதாது. இன்னும் அரிதாக்க வேண்டும். உருளையைப் பெரிதாக்கினாலோ ஆட வருபவர் உஷாராகிவிடுவார். 1984இல் டெல்னெஸ் என்பவர் பெற்ற காப்புரிமை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. குலுக்கல் கணினிக்குள் போனது. வெளியே அதே 22 நிறுத்தங்கள். உள்ளே, உதாரணத்துக்கு, 64 எண்கள். பெரும்பரிசுச் சின்னத்துக்கு அவற்றில் ஒரே எண். சின்னத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குத் தாராளமாகப் பல எண்கள். வாய்ப்பு 2,62,144இல் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஆனால் சின்னமோ கோட்டுக்கு ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று ஓயாமல் வந்து நிற்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ஆடுபவர் அடுத்த காசைப் போடுவார். கைக்கே எட்டவில்லை என்பதுதான் உள்ளே இருக்கும் கணக்கு.

ஜப்பானின் யுனிவர்சல் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. தோல்வி என்று முடிவான பிறகு, மயிரிழையில் தவறியது போன்ற காட்சியைத் தனியே தேர்ந்தெடுத்துக் காட்டியது. 1989இல் நெவாடா ஆணையம் அதைத் தடுத்தது. டெல்னெஸ் முறை மட்டும் தப்பித்தது: குலுக்கலில் எந்த எண் வந்ததோ அதற்குரிய இடத்தைத்தானே காட்டுகிறது! சட்டப்படி இரண்டும் வேறுதான். மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எப்படி வேறு?

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்கே இந்த மெஷின்களுக்குப் ‘போக்கி’ என்று செல்லப்பெயர். மெல்பர்ன் கிரவுன் கேசினோவில் இருந்த, அரிஸ்டோக்ராட் நிறுவனம் தயாரித்த ‘டால்ஃபின் ட்ரெஷர்’ மெஷின்மீது, முன்பு போக்கிக்கு அடிமையாக இருந்த ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். நான்கு உருளைகளில் தலா 30 சின்னங்கள், ஐந்தாவதில் மட்டும் 44 என்பது முக்கியமான குற்றச்சாட்டு. ஐந்தும் ஒரே அளவாகத்தான் கண்ணுக்குத் தெரியும்; ஓடும் உருளையில் யார் எண்ணுவது? 2018இல் நீதிபதி டெப்ரா மார்ட்டிமர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஏமாற்று என்று சட்டம் சொல்லும் அளவுக்கு நிரூபணம் இல்லை என்பது தீர்ப்பு.

அதே வழக்கில் அடிபட்ட இன்னொரு சங்கதி, மெஷினில் எழுதியிருக்கும் ‘87 விழுக்காடு திரும்பும்’ என்ற கணக்கு. 100 டாலருடன் போனால் 87 டாலருடன் வரலாம் என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். அந்த விழுக்காடு ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது. கொண்டுபோன பணத்துக்கு அல்ல. திரும்பி வந்ததையே மறுபடி மறுபடி வைத்து ஆடினால், ஐந்தாம் முறை முடிவில் சராசரியாகப் பாதிப் பணம் காலி. ஆறு நொடிக்கு ஒரு டாலர் வீதம் ஒரு மணி நேரம் ஆடினால் போவது சராசரியாக 78 டாலர்.

இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. 25 வரிகளில் 25 சென்ட் கட்டுகிறார்; 10 சென்ட் வருகிறது. மணி அடிக்கிறது, விளக்கு மின்னுகிறது, இசை முழங்குகிறது. போனது 15 சென்ட்; நடப்பது வெற்றி விழா. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டிக்ஸனும் ஹாரிகனும் ஆடுபவர்களின் தோலில் ஏற்படும் மின் மாற்றத்தை அளந்து பார்த்தார்கள். இந்தப் பொய் வெற்றிக்கு உடம்பு கிட்டத்தட்ட மெய் வெற்றிக்குப் போலவே சிலிர்த்தது.

ஆக, குலுக்கல் நேர்மையானதா என்பதைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது. காட்சி நேர்மையானதா என்று கேட்கத்தான் வெகுகாலம் ஆளில்லை. பிரிட்டன் முதலில் தொகையில் கைவைத்தது. பந்தயக் கடை மெஷின்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்ததை 2019 ஏப்ரலில் 2 பவுண்டாகக் குறைத்தது. முன்னதாக அரசு அதைத் தள்ளிப்போடப் பார்த்ததை எதிர்த்து அமைச்சர் ட்ரேசி கிரவுச் பதவியையே விட்டார். காட்சியின் முறை 2021 அக்டோபரில் வந்தது. கட்டியதற்கு மேல் வராத சுற்றில் வெற்றி இசையோ கொண்டாட்டக் காட்சியோ கூடாது, ஒரு சுற்று இரண்டரை நொடிக்குக் குறையக் கூடாது என்று சூதாட்ட ஆணையம் விதித்தது. ஆனால் இந்த விதி இணையத்தில் ஓடும் இதே வகை ‘ஸ்லாட்’ ஆட்டங்களுக்கு மட்டுமே வந்தது. மதுக்கடை மூலையில் நிற்கும் மெஷினை அது தொடவில்லை.